பதினேழாம் நம்பர் வீட்டுத் தகரப் பூக்கள்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நான் வந்து நிற்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கடிதம் எழுதுவேன். கோயிலில் ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு மேல் பழக்கமில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கும் பழக்கமும் இல்லை. அது இருந்திருந்தால் இதை எழுதும் அவசியமே வந்திருக்காது.

நான் இப்போது இருக்கும் பாரோயில், எங்கள் தாமான் குடியிருப்பு மண்டபத்தில் போன மாதம் பெண்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். தூக்கி எறியும் பொருள்களைக் கொண்டு வீட்டை அலங்கரிப்பது எப்படி என்று சொல்லித்தர ஓர் இளம்பெண் வந்திருந்தார். நல்ல பிள்ளை. பால்மாவு டின்னை நறுக்கிப் பூச்செண்டு செய்து காட்டினார். "இதெல்லாம் இப்பதான் ஆன்ட்டி நம்ம ஆளுங்க கிட்ட வருது. முன்ன யாருக்கும் தெரியாது லா" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நான் தலையாட்டியிருக்கக் கூடாது.

நான் சொல்ல வந்தது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. லாபு பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரர் ஆட்சியில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கும் அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம், நடுவில் நாங்கள். லயம் என்னும் எங்கள் பழைய வரிசை வீடுகள் காட்டை ஒட்டி இருந்தன. காட்டில் இருப்பவர்களுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடுவோம் என்று அரசாங்கத்துக்குப் பயம். அதனால் ஒருநாள் காலை லாரிகள் வந்தன. வேலைக்குப் போனவர்களைத் திருப்பி அழைத்தார்கள். மதியத்துக்குள் ஏற்ற முடிந்ததை ஏற்றிக்கொள், மற்றதை விட்டுவிடு என்றார்கள். அம்மா அம்மிக்கல்லை ஏற்றினாள், சாமி படங்களை ஏற்றினாள், முட்டையிடும் இரண்டு கோழிகளைக் காலைக் கட்டி ஏற்றினாள். அந்த வாரம்தான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை தீட்டியிருந்தாள். அதை ஏற்ற முடியவில்லை.

லாரி கிளம்பும் முன்பே லயத்துக்குத் தீ வைத்தார்கள். சிவந்த மீசை வைத்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார். அத்தாப்பு ஓலைக் கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றிக்கொண்டன. அம்மா தீக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

புது இடம் ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில். சுற்றிலும் இரண்டடுக்கு முள்கம்பி வேலி. ஒரே ஒரு வாசல், அதில் துப்பாக்கியோடு காவல். வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி, காயாத பச்சைப் பலகையில் அவசரமாக அடித்தவை. வெயில் பட்டதும் பலகை சுருங்கி இடுக்கு விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கொட்டாவி விட்டால் எங்களுக்கும் வரும். ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் தாரால் ஒரு நம்பர். எங்களுடையது பதினேழு.

"தலைக்கு மேல கூரைன்னு ஒன்னு இருக்குல்ல" என்று அப்பா சொன்னார். அவர் சமாதானக்காரர்.

"மாட்டுக்குந்தான் இருக்கு" என்றாள் அம்மா.

அம்மா பால் மரம் வெட்டப் போகிறவள், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. விடியுமுன் பெரட்டு, பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். வந்ததும் சாப்பிட்டுப் படுக்கிறவள், புது இடத்துக்கு வந்த இரண்டாம் வாரத்திலிருந்து படுப்பதை விட்டுவிட்டாள். பொறுக்க ஆரம்பித்தாள்.

முதலில் பால் டின். அந்தக் காலத்தில் கடையில் இனிப்புப் பால் டின் வாங்கினால், கடைக்காரர் அங்கேயே ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஓட்டை போட்ட டின்னைப் பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது என்று சட்டம். வீடு வந்து சேர்வதற்குள் அது வழியும். நான் ஒரு விரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு வருவேன். அவ்வப்போது விரலை மாற்றிக்கொள்வேன், நக்குவதற்காக. எங்கள் வரிசையில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் நடந்தோம். காலி டின்களை அம்மா எல்லா வீட்டிலும் கேட்டு வாங்கினாள். அப்பா ஸ்டோர் பட்டறையிலிருந்து பழைய தகரக் கத்தரி ஒன்றைக் கேட்டுக் கொண்டுவந்தார். அம்மா டின்னைத் தட்டி விரித்து, இதழ் இதழாக நறுக்கி, ஒவ்வோர் இதழையும் கரண்டிக் காம்பில் வைத்துச் சுருட்டுவாள். பூ வரும். செம்பருத்தி மாதிரி ஒன்று, தாமரை மாதிரி ஒன்று, எதைப் போலவும் இல்லாமல் ஒன்று.

ஒட்டுவதற்குப் பசை எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம். பால் வாளியின் அடியில் எப்போதும் ஒரு கரண்டி ரப்பர் பால் தங்கும். அது பிடித்தால் விடாது. பால் பிடிக்க மரத்தில் கட்டும் பீங்கான் மங்கு உடைந்தால் மற்றவர்கள் எறிந்துவிடுவார்கள். அம்மா மடியில் கட்டிக்கொண்டு வருவாள். வாசல் படிக்கு மண் குழைத்து, அந்த வெள்ளைத் துண்டுகளைக் கோலம் போல அழுத்திப் பதித்தாள். மழை பெய்தால் படி பளிச்சென்று தெரியும்.

கதவுக்குத் திரை வேண்டும். துணிக்கு வழியில்லை. அப்போது விமானத்திலிருந்து துண்டுக் காகிதம் போடுவார்கள். 'சரணடைந்து வா, நல்லபடியாக நடத்துவோம்' என்று காட்டில் இருப்பவர்களுக்கு எழுதிய காகிதம். காட்டில் விழுந்தது பாதி, எங்கள் வெட்டில், அதாவது பால் வெட்டப் பிரித்துக் கொடுத்த மரங்களுக்கிடையில், விழுந்தது பாதி. அதை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்டார்கள். எடுக்காமல் வந்தால், பார்த்தும் ஏன் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்று கேட்டார்கள். அம்மா எடுத்தாள், கொடுக்கவில்லை. நீள முக்கோணமாக வெட்டி, ஈர்க்குச்சியில் சுற்றி, ரப்பர் பால் தடவிக் காயவைத்தால் ஒரு மணி. அச்செழுத்து கறுப்புப் புள்ளியாக மேலே ஓடும். ஒரு காகித மணி, ஒரு ரப்பர் விதை, ஒரு காகித மணி என்று தூண்டில் நரம்பில் கோத்துக் கதவு அகலத்துக்குத் தொங்கவிட்டாள். உள்ளே நுழைந்தால் சலசலவென்று தோளில் விழும். எனக்குச் சும்மா சும்மா நுழையப் பிடிக்கும். போடி போடி, நூறு தடவை போறே என்று திட்டு விழும்.

கடைசியாகத் தார் நம்பர். அதை மறைக்கக் கூடாது என்று உத்தரவு. அம்மா மறைக்கவில்லை. அதைச் சுற்றி நெருக்கமாகப் பூ வைத்தாள். பக்கத்தில் வந்து தேடினால்தான் பதினேழு தெரியும்.

"ஏம்மா இவ்வளவு?" என்று கேட்டேன்.

"நம்பரு அவங்க போட்டது. மத்ததெல்லாம் நான் போட்டது" என்றாள். அதற்குமேல் விளக்கம் சொல்லும் வழக்கம் அவளிடம் இல்லை.

பெண்கள் வந்து பார்த்தார்கள். மண்டோர் வீட்டுப் பெரியம்மா இரண்டு பூ கேட்டு வாங்கிப்போய்த் தன் வீட்டில் ஒட்டிக்கொண்டார். மண்டோர் என்பது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, எங்களுக்கு உறவில்லை. அப்பா அவரை அண்ணே என்பதால் எனக்குப் பெரியப்பா.

அந்தப் பெரியப்பாதான் ஒரு வியாழக்கிழமை சாக்கோடு வந்தார். புது உத்தரவு. சனிக்கிழமைக்குள் காலி டின், தகரத் துண்டு எல்லாவற்றையும் வாசல் காவலில் ஒப்படைக்க வேண்டும்.

"போடு தங்கச்சி, போடு. காட்டுல அவனுங்க இதுல அரிசியப் போட்டுப் பொதைக்கிறானுங்களாம். குண்டு செய்றானுங்களாம்."

அம்மா சுவரிலிருந்த ஒரு பூவைக் காட்டினாள். "இதுல ஒரு பிடி அரிசி போட்டுக் காட்டுங்கண்ணே, அப்புறம் குடுக்கிறேன்."

"பூவா இருந்தாலும் தகரம் தகரந்தான்."

"கூரைகூடத் தகரந்தான். அதையும் பிரிச்சிக்கிட்டுப் போங்க."

"வாய் பேசாத. உத்தரவுன்னா எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும்தானே? அப்ப உங்க வீட்டுல அண்ணி ஒட்டி வச்சிருக்கிறதுல ஆரம்பிங்க."

பெரியப்பா வெளியே எட்டிப் பார்த்தார். சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் இங்க ஒன்னும் பார்க்கல. நீ அங்க ஒன்னும் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் கிராணி பார்த்துவிட்டார். தோட்ட ஆபீஸ் கணக்குப்பிள்ளையைத்தான் கிராணி என்போம், துரைக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கிறவர். அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமை போலீஸ் அதிகாரி ஒவ்வொரு வீடாகப் பார்க்க வருகிறார். தகரம் இருந்தால் அப்பாவின் பேர் வெட்டப்படும். அன்று மாலைக்குள் குடும்பம் வேலிக்கு வெளியே. போலீஸ் குறிப்போடு வெளியேறினவனை வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது. அது எனக்கும் தெரியும். அப்படிப் போன ஒரு குடும்பம் நீலாய் ரயிலடியில் பானையும் பாயுமாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று நாள் எங்கள் வீட்டில் பேரம் நடந்தது. அப்பா மீன் வாங்குகிறவர் போலப் பேசினார். எல்லாவற்றையும் எடு என்று தொடங்கி, பாதியையாவது எடு என்று இறங்கி, நம்பரைச் சுற்றி இருப்பதை மட்டும் எடு என்று வந்தார்.

"ஒன்ன எடுத்தா எல்லாம் போகும்" என்றாள் அம்மா.

"பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போறது?"

"ஒரு வீட்டுலேருந்து ஏற்கெனவே தூக்கிப் போட்டாங்க. செத்தா போயிட்டோம்?"

ஞாயிற்றுக்கிழமை அம்மா துணி துவைக்கப் போயிருந்தபோது அப்பா முக்காலியைப் போட்டு ஏறினார். தாமரைப் பூவைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். அதன் ஓரம் ஒன்று வளைந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டு இறங்கினார். அம்மாவிடம் சொல்லாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

திங்கட்கிழமை மதியம் அதிகாரி வந்தார். அதே சிவந்த மீசை. நான் உடனே கண்டுகொண்டேன். கூடக் கிராணி, பின்னால் இரண்டு காவலர், எல்லாருக்கும் பின்னால் பெரியப்பா. அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். பால் வாளியைக் கீழே வைக்காமல் வாசலில் நின்றாள். அப்பா சட்டைப் பொத்தானை மேலும் கீழும் தொட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி குனிந்து நுழைந்தார். திரை சலசலவென்று அவர் தோளில் விழுந்தது. நின்று, ஒரு காகித மணியை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். அது எந்தக் காகிதம் என்று கிராணிக்குத் தெரியும். கிராணியின் முகம் அப்போது போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. அதிகாரி மணியை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தார். எல்லாச் சுவரையும் பார்த்தார். வெளியே வந்து நம்பரைச் சுற்றியிருந்ததைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இங்கிலீஷில் நிறையப் பேசினார். கிராணிக்கு மூச்சு திரும்பியது.

"ரொம்ப நல்லா இருக்காம்மா! இப்பிடி ஒரு வீட்டத்தான் ஐயா தேடிக்கிட்டு இருந்தாராம். வியாழக்கிழமை போட்டோ பிடிக்கிறவர அழைச்சிக்கிட்டு வர்றாராம். புது எடத்துல ஜனங்க எவ்வளவு சந்தோஷமா இருக்காங்கன்னு பேப்பர்ல போடப் போறாங்களாம். இந்த வீட்டுத் தகரம் இருக்கட்டும்னு சொல்லிட்டார்."

அப்பா கும்பிட்டார். அம்மா கும்பிடவில்லை.

"பழைய வீட்ட என்னா செஞ்சாங்கன்னும் பேப்பர்ல போடுவாங்களான்னு கேளுங்க" என்றாள்.

கிராணி அதிகாரியிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதிகாரி மகிழ்ச்சியோடு தலையசைத்தார். நன்றி என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. போகும்போது அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து எனக்குக் கொடுத்தார். பச்சை நிறம். நாக்கில் வைத்ததும் குளிர்ந்தது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் தின்றதில்லை.

அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீடு கல்யாண வீடு. அப்பா சத்தமாகச் சிரித்தார். "நம்ம தங்கச்சி வீடு" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொன்னார். கிராணி தன் வீட்டுக் காகிதப்பூச் செடித் தொட்டிகள் இரண்டைக் கொடுத்தனுப்பி வாசலில் வைக்கச் சொன்னார். படத்தில் எடுப்பாக இருக்குமாம். வியாழக்கிழமை அம்மாவுக்கு வேலை இல்லை, கூலி உண்டு என்றும், நல்ல சேலை கட்டிச் சிரித்த முகமாக நிற்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். எனக்கு யாரோ சிவப்பு ரிப்பன் கொடுத்தார்கள். நான் உடைந்த கண்ணாடித் துண்டில் சிரித்துப் பழகினேன். பல் தெரியும்படி ஒன்று, தெரியாதபடி ஒன்று. அந்த இரண்டு நாளும் அம்மா மட்டும் கத்தரியைத் தொடவில்லை.

வியாழக்கிழமை அப்பா வேலைக்குப் போனார். அம்மா எனக்குத் தலை வாரி, ரிப்பன் வைத்துப் பின்னி, கவுனைப் போட்டுவிட்டாள். பிறகு முக்காலியை எடுத்துப் போட்டாள். எதையோ சரிசெய்யப் போகிறாள் என்று நினைத்தேன். தேய்ந்த பால்வெட்டுக் கத்தியைப் பூவுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். ரப்பர் பால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்து, பட்டென்று விட்டது. அடுத்தது. அடுத்தது.

"அம்மா! படம் பிடிக்க வர்றாங்கம்மா!"

"வரட்டும்."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் காலை உதறவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. தாமரை, செம்பருத்தி, நம்பரைச் சுற்றியிருந்தது, எல்லாம் சாக்கில் விழுந்தன. திரையை அறுத்து அடுப்பில் வைத்தாள். ரப்பர்ப் புகை வீடெல்லாம் நாறியது. வாசல் படியில் பதித்த பீங்கான் கத்திக்கு வரவில்லை. மண்வெட்டியால் கொத்தினாள். கிராணியின் தொட்டிகள் இரண்டையும் இடுப்பில் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். பிறகு சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு வேலி வாசலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன்.

காவல் கொட்டகைக்குப் பக்கத்தில் எல்லாரும் ஒப்படைத்த டின்கள் குவிந்து கிடந்தன. காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பையன் இது என்ன என்று மலாயில் கேட்டான். "தின்" என்றாள் அம்மா, டின்னுக்கு மலாயில் அதுதான் சொல். கவிழ்த்தாள்.

பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி, கழுத்தில் கேமரா தொங்கவிட்ட இன்னொரு வெள்ளைக்காரர், வெள்ளைக் கால்சட்டையில் கிராணி. எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். பச்சைப் பலகையில் ரப்பர் பால் பிய்ந்த இடமெல்லாம் தேமல் போலத் தெரிந்தது. நடுவில் தாரால் எழுதிய பதினேழு. அம்மா வேலைக்குப் போகும் கறை படிந்த கைலியும் சட்டையும் உடுத்தி நின்றாள்.

"எங்கம்மா எல்லாம்?" என்றார் கிராணி.

"எதுங்கய்யா?"

"பூவு! அந்தப் பூவெல்லாம்!"

"தகரம் வச்சிருக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டீங்களே. காவல்ல ஒப்படைச்சிட்டேன். சனிக்கிழமையே குடுத்திருக்கணும். அஞ்சு நாள் தாமசமாயிடுச்சு, பெரிய மனசு பண்ணி மன்னிச்சிக்கச் சொல்லுங்க."

கிராணி மொழிபெயர்த்தார். அதிகாரி அவரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளைக்காரரை அப்படி நேருக்கு நேர் பார்க்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. நாங்கள் அவர்களுடைய பூட்சைப் பார்த்துத்தான் பேசுவோம். அவர் கழுத்து மீசையின் நிறத்துக்கு வந்தது. ஆனால் என்ன செய்வது? உத்தரவு அவருடையது. கீழ்ப்படிந்தவளைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை.

பெரியப்பா வீட்டில் இரண்டு பூ இருப்பது கிராணிக்கு நினைவு வந்தது. ஓடினார். பெரியம்மா கதவில் கையை வைத்து மறித்துக்கொண்டு, "தகரமா? எங்க வீட்டுலயா? சாமி சத்தியமா ஒரு துண்டு கிடையாதுங்கய்யா" என்று சொல்லிவிட்டார். கேமராக்காரர் சும்மா திரும்ப மனமில்லாமல் வேலியையும் காவலரையும் இரண்டு படம் பிடித்துக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

அப்பா மதியம் வந்தார். சுவரைப் பார்த்தார். "வேலைய முடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அம்மா சோறு போட்டாள். நான் சாப்பிடவில்லை. அன்று முழுவதும் அவளோடு பேசவும் இல்லை.

கொடு என்றபோது பிள்ளையோடு தெருவில் நிற்கவும் துணிந்து கொடுக்காதவள், நீயே வைத்துக்கொள் என்றபோது ஏன் தானே போய்க் கொடுத்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. ஓர் அழகான பொருளை ஒருவர் அழகு என்று சொல்லிவிட்டால் அதில் என்ன குற்றம்? அதை யார் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார் என்று பார்க்க வேண்டும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியாது. லயத்துக்குத் தீ வைக்கக் கை அசைத்தவர் இவர்தான் என்று நான் பார்த்த உடனே கண்டுகொண்டேன், ஆனால் அதை எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை. அவர் மிட்டாய் கொடுத்தார். அம்மா பூவைப் பிடுங்கினாள். அன்று எனக்கு அம்மாதான் பொல்லாதவள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பெரட்டில் அம்மாவின் பழைய வெட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவளை மேட்டுப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். போக மூன்று மைல் நடை. அவள் வாளியை எடுத்துக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.